ரிக் வண்டிக்காரர் மகள்

கல்லூரியில் சேர்ந்த புதிதில் எனக்கு மன்றப் பைத்தியம் பிடித்திருந்தது. நடனக் குழுவில் போய் நின்றேன். உடம்பு வளையவில்லை என்று அனுப்பிவிட்டார்கள். நாட்டு நலப்பணியில் சேர்ந்தேன். வெயிலுக்குப் பயந்து நானே ஓடி வந்தேன். தமிழ் மன்றத்தில் மட்டும் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். அங்கே வாய் இருந்தால் போதுமே! எனக்கு அது காது வரைக்கும் உண்டு.

புது மாணவர்களுக்கென்று பட்டிமன்றம் வைத்தார்கள். குடும்பத்துக்குப் பெரிது பணமா, பாசமா? நான் பாசத்தின் பக்கம். "எங்க வீட்டுல ஒரு நாள்" என்று ஆரம்பித்தால்தானே பட்டிமன்றத்தில் கைதட்டு விழும்? எங்கள் வீட்டில் சொல்ல ஒரு மண்ணும் இல்லை. அப்பாவுக்கு இளம்பிள்ளையில் சேலைக்கடை. மத்தியானச் சாப்பாட்டுக்கே வீட்டுக்கு வந்துவிடுவார்.

என் விடுதி அறைத்தோழி திருச்செங்கோட்டுப் பக்கம். அவள் அப்பா ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியில் வடக்கே போனால், வருசத்துக்கு ஒருமுறைதான் ஊர் திரும்புவார். சின்ன வயதில் ஒருதடவை அவர் வாசலில் வந்து நின்றபோது இவள் உள்ளே ஓடி, "அம்மா, ஆரோ ஒரு மாமா வந்திருக்காரு" என்றாளாம். அவர் கையிலிருந்த பையைக்கூட இறக்காமல் நின்றாராம். சொல்லிவிட்டு, "ஆருகிட்டயும் சொல்லிப்போடாத" என்றாள்.

சொன்னேன். "எங்க அப்பா ரிக் வண்டிக்காரர்" என்று ஆரம்பித்து, மைக்கில் சொன்னேன். வந்த மாமாவுக்குக் காபி வேண்டுமா என்று கேட்டதாக நானே ஒட்டும் போட்டேன். அரங்கமே சிரித்தது. கோப்பையும் எனக்குத்தான். முன்வரிசையில் அவள் மட்டும் சிரிக்கவில்லை. அறைக்கு வந்ததும், "உன் பேரையா சொன்னேன்?" என்று நான்தான் எகிறினேன். வெட்கம் கெட்டவள் நான்! இன்றைக்கு நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. அதற்குப்பின் அவள் என்னோடு பேசவில்லை.

என் பேச்சை யாரோ வீடியோ எடுத்திருந்தார்கள். அது வாட்ஸ்அப்பில் சுற்றிச் சுற்றி, ரிக் வண்டிக்காரர்களின் குரூப்புக்கே போய்விட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் அப்பா அழைத்தார். அவள் என் முகத்தைப் பார்க்காமலே போனை நீட்டினாள். திட்டினால் வாங்கிக்கொள்வோம் என்று காதில் வைத்தேன்.

"நீதானா சாமி அது? எம்பொண்ணு ரூம்புலதான் இருக்கறயாமா?" சிரித்தார். "எங்கூட்லயும் இதேதான் நடந்துச்சு சாமி. பெத்த புள்ளைக்கே மூஞ்சி தெரியாத மனுசன் நா ஒருத்தந்தான்னு இத்தன வருசமா நெனச்சு நெனச்சு வெந்துட்டு இருந்தேன். உங்கப்பாவுக்கும் அப்படித்தான்னு கேட்டதும் மனசு ஆறிப்போச்சு. அவரு நெம்பரக் குடு, ஒருக்கா பேசோணும்."

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். அவள் வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

"அப்பா வண்டியில இருக்காருங்க. அங்க டவர் கிடைக்காதுங்க" என்றேன்.

"அட, அது எனக்குத் தெரியாதா! அவரக் கோவிச்சுக்காத சாமி" என்று சொல்லி வைத்துவிட்டார்.

போனைத் திருப்பிக் கொடுத்தேன். அழுகை வந்தது. மன்னிப்புக் கேட்க வாயைத் திறக்குமுன் அவளே பேசினாள்.

"எங்கப்பா இருக்கற வரைக்கும் உங்கப்பா ரிக்கு வண்டியிலதான் இருக்கோணும். செரியா?"