மணல் இறங்கிடுச்சா?

"மணல் இறங்கிடுச்சா?"

போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு கேட்கிறாள் செமேனி. கை துணியை நகர்த்துகிறது. கால் தையல் மெஷினின் மிதியை விடவில்லை. கடற்கரை ஆமைக் காப்பகத்தின் காவலர் மசூது அந்தப் பக்கம் ஏதோ சொல்கிறார். "இன்னும் இல்லையா? நல்லாப் பாத்தீங்களாண்ணே? குனிஞ்சு பாத்தீங்களா?" காலையிலிருந்து இது நான்காவது முறை. மசூது பொறுமைசாலி. நானாக இருந்தால் போனைக் கடலில் எறிந்திருப்பேன்.

எங்கள் பங்கானி ஊர்க் கடைத்தெருவில் இவளைப் போல் கவுன் தைக்க ஆள் கிடையாது, நச்சரிக்கவும் கிடையாது. ஆமைக் குஞ்சுகள் வெளியே வருவதற்கு முன், குழிக்கு மேலே மணல் லேசாக இறங்குமாம். அன்று சாயங்காலமே கூட்டமாகக் கடலுக்குப் போய்விடுமாம். அதைப் பார்க்கத்தான் ஐந்து வருடமாகத் திட்டம் போடுகிறாள். காப்பகத்துக்குப் படகில் மூன்று மணி நேரம். கடல் ஏறி நிற்கும்போதுதான் கிளம்பவும் முடியும். ஒரு வருடம் முந்திப் போனாள், ஒரு வருடம் பிந்திப் போனாள். போன வருடம் வெறும் முட்டைத் தோல்களைப் பார்த்துவிட்டு வந்தாள்.

சுவரில் ஆணியில் ஒரு பை தொங்குகிறது. குஞ்சுகள் வெளிச்சத்தில் மிரளாமல் இருக்கச் சிவப்புத் துணி சுற்றிய டார்ச், போர்த்திக்கொள்ள இரண்டு கங்காத் துணி, பிளாஸ்க், வறுத்த மரவள்ளி. தினமும் இறக்கி, சரிபார்த்து, மறுபடி மாட்டுவாள். மரவள்ளி மட்டும் குறைந்துகொண்டே வரும். அது தங்கை ஸுவேனாவின் கைங்கரியம்.

ஐந்து வருடமும் கூடவே போய் ஏமாந்தவள் ஸுவேனா. ஞாயிற்றுக்கிழமை வீட்டு வேலைக்கு மஸ்கட் போகிறாள். திரும்பி வர இரண்டு வருடம் ஆகும்.

"என் டிக்கெட் தேதி ஆமைக்குத் தெரியுமாக்கா? விடு. நீ போய் வீடியோ எடுத்து அனுப்பு."

"வாயக் கழுவுடி. வீடியோ பாக்கவா அஞ்சு வருஷம் அலஞ்சோம்?"

வியாழக்கிழமை மத்தியானம் என் சட்டையை வாங்கப் போனேன். ஒரு கைதான் தைத்திருந்தது.

"இன்னொரு கை எங்கேம்மா?"

"ஒங்க கை எங்க ஓடிடப் போவுது வாத்தியாரே? ஆமைதான் ஓடிரும்."

கோபம் வந்தது. அவள் காலைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. ஊசிக்குக் கீழே துணியே இல்லை. வெறும் மெஷினை மிதித்துக்கொண்டிருந்தாள்.

போன் தானாக அடித்தது. எடுத்தாள், கேட்டாள். ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. கால் நின்றது. சத்தம் நின்றதில் எதிர்க்கடை மீன்காரர் என்னவோ ஏதோ என்று எட்டிப் பார்த்தார்.

"இறங்கிடுச்சாம்! தண்ணி வத்தறதுக்குள்ள படகு ஏறணும். எந்திரிடி!"

மரவள்ளி வாயும் கையுமாக இருந்த தங்கையை இழுத்துக்கொண்டு படகுத்துறைப் பக்கம் ஓடினாள். ஒரு செருப்பு மிதிக்கு அடியிலேயே கிடந்தது. நான் ஆணியிலிருந்து பையை எடுத்துத் தூக்கிக் காட்டி, "செமேனி! பை! பை!" என்று கத்தினேன்.

அவள் திரும்பவே இல்லை. தங்கையைப் பிடிக்காத கையை மட்டும் பின்னால் வீசி, வேண்டாம் என்று ஆட்டினாள்.