மர்சியால் சொன்னது

சனிக்கிழமைச் சந்தையில் ஜோசெத் தெல்பெஷின் சீஸ் கடைக்கும் 'சாய்ந்த பீப்பாய்' ஒயின் கடைக்கும் நடுவே முப்பது அடிகூட இருக்காது. அந்த முப்பது அடியை அவள் நாற்பத்தோரு வருஷம் தாண்டவில்லை.

கல்யாணமான முதல் சனிக்கிழமை, ஆட்டுப்பால் சீஸை மேசையில் அடுக்கி முடித்த கையோடு, "நானும் வரேன், ஒரு கிளாஸ் குடிச்சிட்டு ஓடி வந்துடலாம்" என்று புருஷனிடம் சொன்னாள். மர்சியால் திரும்பிப் பார்த்து, "அப்ப கடைய யாரு பாத்துக்கறது?" என்று கேட்டான். நியாயமான கேள்விதான், குற்றம் சொல்ல முடியாது. அந்த ஒரு கேள்வியை வைத்தே அவன் நாற்பத்தோரு வருஷத்தை ஓட்டிவிட்டான். ஒன்பதரை மணிக்கு இரண்டு சீஸ் வட்டுகளைத் தாளில் சுற்றி இடுக்கிக்கொண்டு பீப்பாய்க்குப் போவான். பன்னிரண்டரைக்கு வந்து கடையைப் பிரித்து வேனில் ஏற்றுவான். நடுவில் மழை பெய்தாலும் சரி, கூட்டம் அலைமோதினாலும் சரி, அவள் பாடு.

எங்கள் மோந்தெர்சாக் ஊரில் அந்த ஒயின் கடையைக் குறை சொல்ல ஆளில்லை. கடைக்காரன் திதியே ஒயின் மட்டும்தான் விற்பான். தின்பதற்குச் சந்தையிலிருந்து எதை வேண்டுமானாலும் வாங்கிக்கொண்டு போகலாம். மேசைக்குப் பதிலாக நிற்கும் பீப்பாயின் தலையில் தாளை விரித்து, சட்டைப் பையிலிருந்து மடக்குக்கத்தியை எடுத்து, சாஸேஜையோ சீஸையோ வெட்டித் தின்றபடி மத்தியானம் வரைக்கும் நிற்கலாம். கிளம்பு என்று யாரும் முறைக்க மாட்டார்கள்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. யார் சொன்ன சொல்லுக்குக் கடை மொத்தமும் விழுந்து விழுந்து சிரிக்கிறதோ, அவருக்கு ஒரு கிளாஸ் சும்மா. அந்தச் சொல்லை, ஒயின் பெயர்களை எழுதும் கரும்பலகையின் உச்சியில், சொன்னவர் பெயரும் போட்டு, அடுத்த சனிக்கிழமை வரை அழிக்காமல் வைத்திருப்பார்கள். திதியேவின் அப்பா தொடங்கி வைத்தது. அவரும் போய்ச் சேர்ந்தார், பலகையும் இரண்டு முறை மாறிவிட்டது, வழக்கம் மட்டும் நிற்கிறது.

ஜோசெத்துக்குக் கேட்டதெல்லாம் சிரிப்புச் சத்தம்தான். பதினொரு மணிவாக்கில் குபீரென்று ஒரு சிரிப்பு வெளியே கொட்டும். அதில் புருஷனின் இருமலும் கலந்திருப்பது அவளுக்குத் தெரியும். வீட்டுக்குப் போகிற வழியில், "என்னய்யா இன்னிக்கு அவ்வளவு சிரிப்பு?" என்று கேட்பாள். "சும்மா, ஆம்பளைங்க பேச்சு" என்பான். அத்தோடு முடிந்தது.

வீட்டில் மர்சியாலின் வாய் சூப் குடிக்க மட்டும்தான். கேட்டதற்கு ஒரு 'ம்', கேட்காததற்கு அதுவும் இல்லை. ஜோசெத்தோ நேர் எதிர். அவள் நாக்கில் மிளகு இருந்தது. ஆனால் ஊருக்கு அது தெரியாது, ஏனென்றால் நாலு பேர் எதிரில் அவளுக்கு வெட்கம். சந்தையில் விலை சொல்ல மட்டும் வாயைத் திறப்பாள். கறவைக் கொட்டகையிலும், சந்தைக்குப் போகும் வேனிலும் அந்த வாய் வேறு. வீட்டிலிருந்து சந்தைக்கு இருபத்திரண்டு நிமிஷம். அந்த வாரம் ஊரில் நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் கிழித்துத் தொங்கவிட்டுக்கொண்டே வருவாள். மர்சியால் கண்ணைச் சாலையிலிருந்து எடுக்க மாட்டான். சிரித்ததில்லை. உதடுகூடக் கோணியதில்லை. சுவரோடு பேசுகிறோம் என்று அவளுக்குத் தெரியும். சுவராவது கிடைத்ததே என்று பேசினாள்.

ஒருமுறை ரோஷம் வந்து மூன்று சனிக்கிழமை வாயையே திறக்கவில்லை. அந்த மூன்று வாரமும் மர்சியால் பீப்பாயிலிருந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தான். வயிறு சரியில்லை போலிருக்கிறது என்று அவள் சூப்பில் புதினா போட்டுக் கொடுத்தாள்.

இந்த ஜனவரியில் அவன் கொட்டகை வாசலில் மாரைப் பிடித்துக்கொண்டு விழுந்தான். ஆம்புலன்ஸ் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அடக்கத்துக்கு ஊரே வந்தது. மர்சியாலுக்கு இத்தனை பேரா என்று ஜோசெத்துக்கு ஆச்சரியம். இவளுக்குப் பெயர் தெரியாதவர்களெல்லாம் அழுதார்கள். அவளுக்குத்தான் அழுகை சரியாக வரவில்லை. யாரை இழந்தோம் என்று தெரிந்தால்தானே அழுவதற்கு? வேன் ஓட்டத் தெரியும் என்பதால் இரண்டே வாரத்தில் சந்தைக்குத் திரும்பிவிட்டாள்.

மே மாதம் ஒரு சனிக்கிழமை திதியே கையைத் துடைத்தபடி அவள் கடைக்கு வந்தான்.

"மதாம் தெல்பெஷ், உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். மர்சியால் நிக்கிற இடத்துல, கவுன்டர் ஓரமா, அவர் ஞாபகமா ஒரு பித்தளைத் தகடு அடிச்சிருக்கோம். எல்லாரும் சேந்து செஞ்சது. நீங்க வந்து துணிய எடுத்துத் திறந்து வைக்கணும்."

"கடைய யாரு பாத்துக்கறது?" என்றாள் ஜோசெத். அவள் சொல்லவில்லை, அது தானாக வந்தது.

பக்கத்துக் கடையில் வெங்காயம் விற்கும் இவெத் எட்டிப் பார்த்தாள். "நான் பாத்துக்கறேன், போடி. நாப்பது வருஷமா கழுத்த நீட்டி நீட்டிப் பாத்துட்டே இருக்க. போய் உள்ளதான் என்ன இருக்குன்னு பாத்துட்டு வா."

"உனக்குப் புது சீஸுக்கும் காஞ்ச சீஸுக்கும் வித்தியாசம் தெரியாதே."

"வாங்கறவங்களுக்குத் தெரியும்ல? போ."

ஜோசெத் ஏப்ரனைக் கழற்றி மடித்து வைத்தாள். அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். இந்த மனுஷன் அங்கே நின்று என்னதான் பேசினான்? வீட்டில் கொடுக்காத பேச்சில் ஒரு துண்டாவது கிடைத்தால் போதும், எடுத்துக்கொண்டு போய் வைத்துக்கொள்ளலாம். அவ்வளவு ஆசையோடுதான் அந்த முப்பது அடியைத் தாண்டினாள்.

உள்ளே புளித்த மரவாசனை. பத்துப் பதினைந்து பேர் நின்றிருந்தார்கள். பீப்பாயின் மேல் விரித்த தாளில் அவளுடைய சீஸே பாதி வெட்டிக் கிடந்தது. ஓய்வு பெற்ற தபால்காரர் அர்மான் முன்னால் வந்து இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தார்.

"வாங்கம்மா, வாங்க! இத்தனை வருஷமா மர்சியாலை நீங்களே வச்சிருந்தீங்க. குடுத்து வச்சவங்க. எங்களுக்கு வாரத்துக்கு மூணு மணி நேரம்தான். உங்களுக்கு ராத்திரி பகலா சிரிப்புதான் இருந்திருக்கும்!"

யாரோ அவள் கையில் ஒரு கிளாஸைத் திணித்தார்கள்.

"அந்தப் பாதிரியார் சமாச்சாரத்தச் சொல்லுய்யா" என்றான் ஒருவன்.

அர்மான் தொண்டையைச் செருமிக்கொண்டார். "புதுப் பாதிரியார் வந்தாரில்ல, போன வருஷம்? மர்சியால் சொன்னாரு: 'ரொம்ப நல்ல பையன், பாவம்னா என்னன்னே தெரியாது. பாவமன்னிப்புக்குப் போனா, என்ன பாவம்னு நாமதான் அவருக்கு விளக்கமாச் சொல்லிக் குடுக்க வேண்டியிருக்கு!'"

கடை சிரித்தது. ஜோசெத்தும் சிரிக்க வாயெடுத்தாள். எடுத்த வாய் அப்படியே நின்றது. அது அவள் சொன்னது. போன அக்டோபரில், வேனில், தண்ணீர்த் தொட்டி வளைவுக்குப் பக்கத்தில்.

"அந்தப் பாரிஸ்காரன்!" என்றான் இன்னொருவன். "அமைதி வேணும்னு இங்க வீடு வாங்கிட்டு, சேவல் கூவுதுன்னு கேஸ் போட்டானே, அவன். 'இன்னிக்குச் சேவல், நாளைக்குச் சூரியனையும் பத்து மணிக்கு மேல வரச் சொல்லுவான்'னு மர்சியால் சொன்னாரே! அந்தப் பலகைய மூணு வாரம் அழிக்கலையே நாங்க."

அதுவும் அவள்தான். கறவைக் கொட்டகையில், கையில் பால் வாளியோடு சொன்னது. அவன் ஆட்டின் காலைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தான், நிமிரக்கூட இல்லை.

ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துப் போட்டார்கள். கால்நடை மருத்துவரின் புது மனைவி, மேயரின் தொப்பி, கூட்டுறவுச் சங்கத்துத் தராசு. எல்லாம் அவளுடையது. சில இடங்களில் சொல்கூட மாறவில்லை. சுவர் கேட்டிருக்கிறது. ஒரு சொல் விடாமல் கேட்டு, இருபத்திரண்டு நிமிஷமும் மனப்பாடம் செய்து, ஒன்பதரைக்கு இங்கே வந்து கடைவிரித்திருக்கிறது. அந்த மூன்று சனிக்கிழமை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்ததற்கு வயிறு காரணமில்லை, விற்கச் சரக்கில்லை. புதினாவாம், புதினா! அவன் செத்த அன்றுகூட அவளுக்கு இப்படி நெஞ்சு எரியவில்லை.

"துணிய எடுங்கம்மா" என்றான் திதியே.

கவுன்டர் ஓரத்தில் கிளாஸ் துடைக்கும் துணியால் மூடியிருந்தது. எடுத்தாள். பித்தளை பளபளத்தது. அழகாகச் செதுக்கியிருந்தார்கள்:

'வீட்டில் நான் பேசினால் ஆடுகள்தான் கேட்கும். அவையாவது தலையாட்டும்.
— மர்சியால் தெல்பெஷ்'

கைதட்டினார்கள். ஜோசெத் இரண்டு தடவை படித்தாள். எட்டு வருஷத்துக்கு முன், பெரிய பனி விழுந்த பிப்ரவரியில், வீட்டைவிட்டு வெளியே போக வழியில்லாமல் இருவரும் அடைந்து கிடந்தபோது, அவன் பதினோரு நாள் ஒரு வார்த்தை பேசவில்லை. பன்னிரண்டாம் நாள் அவள் அடுப்படியில் நின்று அழுதுகொண்டே கத்தினாள்: "ஆட்டுக்கிட்டப் பேசினாக்கூட அது தலையாட்டுதுய்யா! நீ அதுகூட இல்ல!" அவன் 'ம்' என்றான். அதைத்தான் இங்கே கொண்டுவந்து, அவளைப் பேசாதவளாக்கி, தன்னைப் பாவப்பட்டவனாக்கி, ஒரு கிளாஸ் ஒயினுக்குப் போட்டிருக்கிறான்.

"இது நான் சொன்னது" என்றாள் ஜோசெத்.

யாருக்கும் புரியவில்லை. அவளுக்கு முகம் சிவந்தது. பதினைந்து பேர் எதிரில் அவள் பேசியதே இல்லை. ஆனாலும் விடவில்லை.

"எல்லாமே நான் சொன்னது. பாதிரியாரு, சேவல், எல்லாம். அவர் ஒண்ணும் சொல்லல. அவர் பேசவே மாட்டாரு. மர்சியால் என்கிட்ட பதினோரு நாள் வாயே திறக்கல!"

யாரோ ஒருவன் மூக்கால் சிரித்தான். "யாரு? மர்சியாலா? வாயே திறக்கலையா?" அடுத்த நொடி கடை மொத்தமும் வெடித்தது. அர்மான் பீப்பாயைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஒருவன் ஒயினைச் சட்டையில் கொட்டிக்கொண்டான். இவ்வளவு பெரிய சிரிப்பைக் கடைத்தெருவில் நின்றுகூட அவள் கேட்டதில்லை.

"நான் வேடிக்கைக்குச் சொல்லலைங்க" என்றாள்.

"முகத்தை எப்படி வச்சிருக்காங்க பாருய்யா!" என்றார் அர்மான், மூச்சு வாங்க. "அப்படியே மர்சியால்! நாப்பது வருஷம் கூட இருந்தா ஒட்டிக்காதா பின்ன?"

திதியே சாக்பீஸை எடுத்துவிட்டான். வழக்கம் வழக்கம்தானே. நாற்காலி போட்டு ஏறி, பலகையின் உச்சியில் பெரிய எழுத்தில் எழுதினான்: 'மர்சியால் பதினோரு நாள் வாயே திறக்கவில்லை!' அதற்குக் கீழே: '— மர்சியாலின் மனைவி'.

"என் பேரு ஜோசெத்" என்றாள் அவள்.

திதியே திரும்பிப் பார்த்தான், பிறகு பலகையைப் பார்த்தான். "அடடா. போட்டிருக்கலாம்மா. இனிமே இடமில்லையே, கீழ ஒயின் பேர் ஆரம்பிச்சிடுது. எல்லாருக்கும் தெரியும், விடுங்க." இறங்கி வந்து, இருப்பதில் நல்ல புட்டியாகப் பார்த்துத் திறந்து ஒரு கிளாஸ் ஊற்றி அவள் முன் வைத்தான். "இது உங்களுது. நீங்க சம்பாதிச்சது."

ஜோசெத் நின்றபடியே அதைக் குடித்தாள். நன்றாக இருந்தது. நன்றாக இருந்ததுதான் இன்னும் ஆத்திரமாக இருந்தது. அடுத்த சனிக்கிழமையும் வர வேண்டும் என்றார்கள். நல்ல மனிதர்கள், ஒருவர்மேலும் தப்பு சொல்ல முடியாது. வரும்போது பித்தளையைத் திரும்பிப் பார்க்காமல் வந்தாள்.

"என்னடி, எப்படி இருக்கு உள்ள?" என்றாள் இவெத்.

"ஒயின் நல்லா இருக்கு."

"என்ன பேசிக்கறாங்க?"

"பழைய கதை" என்று சொல்லிவிட்டு ஏப்ரனைக் கட்டிக்கொண்டாள். இவெத் காய்ந்த சீஸையெல்லாம் மலிவாக, புதுசு விலைக்குக் கொடுத்து வைத்திருந்தாள்.

பன்னிரண்டரைக்குக் கடையைத் தனியே பிரித்து ஏற்றிக்கொண்டு கிளம்பினாள். தண்ணீர்த் தொட்டி வளைவு வந்தது. திதியே நாற்காலிமேல் ஏறி நின்ற கோலத்தை நினைத்ததும் அவளுக்கு ஒரு வரி தோன்றியது. அருமையான வரி. அர்மான் கேட்டால் பீப்பாயோடு சேர்ந்து உருண்டிருப்பார். பழக்கதோஷத்தில் வாயைத் திறந்துகொண்டு பக்கத்து இருக்கைப் பக்கம் திரும்பினாள். அங்கே காலி சீஸ் பெட்டிகள் இருந்தன. நாற்பத்தோரு வருஷமாகச் சுவரோடு பேசுகிறோம் என்று நினைத்திருந்தாள். கேட்க ஆள் இருந்திருக்கிறது என்பது இன்றைக்குத்தான் தெரிந்தது. வாயை மூடிக்கொண்டு வண்டியை ஓட்டினாள்.