தங்கச்சி சொன்ன ‘பாப்பம்’

எங்கள் பக்கத்தில் ஒரு காரியம் கேட்டு, மற்றவர் ‘பாப்பம்’, அதாவது பார்ப்போம், என்று சொன்னால் திரும்பக் கேட்கக் கூடாது. முகம் முறியாமல் மறுக்கிறார் என்று அர்த்தம். அந்தச் சொல்லை வைத்துத்தான் நான் என் தங்கச்சிக்குத் தீங்கு செய்தேன்.

உப்புக்குளத்தில் அவளும் நானும் ஒரே வீட்டில் இருக்கிறோம். அவள் பள்ளிக்கூட ஆசிரியை; என்னைவிடப் பல வயது இளையவள். கலியாணம் முடிக்கவில்லை. ஏழு வருடத்துக்கு முன் வங்காலையிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மனைவியை இழந்தவர், அவரும் ஆசிரியர். அவளிடம் கேட்டேன். நெடுநேரம் நிலத்தைப் பார்த்தபடி நின்றாள்.

“பாப்பம் அண்ணா.”

அவள் மனசில் வேறு யாரோ இருக்கிறார் என்று எனக்கு உடனே சந்தேகம் வந்தது. வேலை பார்த்த கந்தோரில் நெடுங்காலம் விசாரணை செய்தவன் நான். பதில் சொல்லத் தாமதிப்பவர் எதையோ ஒளிக்கிறார் என்பது என் கணிப்பு. அவள் எல்லாவற்றுக்கும் தாமதித்தாள். சந்தையில் பாரையா விளைமீனா என்று முடிவெடுக்க முடியாமல் நிற்பாள். “ரீச்சர் முடிவெடுக்கிறதுக்குள்ள இது கருவாடாப் போயிடும்” என்று மீன்காரர் சிரிப்பார். நான் சிரிக்கவில்லை. யாருக்காக நிற்கிறாள் என்று சுற்றிப் பார்த்தேன்.

போனில் இரண்டு வரி எழுதுவாள், அழிப்பாள், திரும்ப எழுதுவாள்.

“ஆருக்கு?”

“அதிபருக்கு. லீவு கேக்க.”

“லீவு கேக்க அரை மணித்தியாலமோ?”

எழுதினதைத் திரும்ப அழித்தாள். அவள் குளிக்கப் போன நேரம் போனை எடுத்துப் பார்த்தேன். அதிபருக்குத்தான் எழுதியிருந்தாள். அதையும் நம்பவில்லை, மற்றதை அழித்துவிட்டாள் என்று நினைத்தேன். கோயிலுக்குக்கூடப் பின்னால் போனேன். பூசை முடிந்தும் செருப்புக் கழற்றிய இடத்தில் நின்றாள், போட்டாள், கழற்றினாள். ஒருவரும் வரவில்லை.

ஏழாம் நாள் வங்காலைக்குப் போன் எடுத்து, அவளுக்கு விருப்பமில்லை என்று சொல்லிவிட்டேன். அவர் அடுத்த வருடமே வேறிடத்தில் முடித்தார்.

இந்த வருடம் அவளால் பரீட்சைத் தாள் திருத்தி முடிக்க முடியவில்லை. ஒரே விடையைப் பத்துத் தரம் வாசித்துக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். ஓசிடி என்ற மனநோய் என்று சொன்ன இளம் டாக்டரிடம், ஏன் ஒன்றுக்கும் பதில் சொல்கிறாளில்லை என்று கேட்டேன்.

“ஒளிக்கேல்லை ஐயா. பிழையா முடிவெடுத்திடுவனோ எண்டு திரும்பத் திரும்பப் பாக்கிறா. சில பேருக்கு இந்த நோயில யோசினை அப்பிடித்தான் மெதுவாகும். நீங்கள் கொஞ்சம் பொறுத்திருக்க வேணும்.”

வீட்டுக்கு வந்து கதிரையில் இருந்துகொண்டு கேட்டேன். “அண்டைக்குப் பாப்பம் எண்டு சொன்னியே, ஏன்?”

முதல் முறையாகப் பொறுத்திருந்தேன். தேத்தண்ணி ஆறிப்போனது.

“பாக்கத்தான் அண்ணா. ஏழாம் நாள் ஓம் எண்டு சொல்ல வந்தனான். நீங்கள் போனில கதைச்சுக்கொண்டு நிண்டீங்கள்.”

அந்த நேரமும் அவள் முகத்தில் என் மேலுள்ள கோபத்தை ஒளிக்கிறாளோ என்றுதான் தேடினேன். பழக்கம் விடவில்லை.

“என்னை மன்னிப்பியோ?”

பொழுது சாயும்வரை யோசித்தாள்.

“பாப்பம்” என்றாள்.

அது போன மாதம். அவள் எந்தப் ‘பாப்பம்’ சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. நான் திரும்பக் கேட்கவில்லை. அவளுக்குப் பதிலாக நானே முடிவு சொல்லவும் இல்லை.