மாதிரித் தாயின் நிறை

படுவான்கரைக்கு என்னை மருத்துவமாதாக அனுப்பியபோது அரசாங்கம் ஒரு தராசும் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கச் சத்துமாப் பக்கற்றுகளும் தந்தது. வாயை நானே கொண்டுபோனேன். பாதை என்று நாங்கள் சொல்லும் இயந்திர மிதவையில் வாவியைக் கடந்து, பிறகு மோட்டார் சைக்கிளில் புழுதி குடித்து, கூரை ஒழுகும் வாசிகசாலைக்குப் போய்ச் சேர்ந்தால் அதுதான் கிளினிக். கதிரை ஒன்று இருந்தது, மூன்று காலோடு.

கர்ப்பிணிகளை ஒவ்வொருவராகத் தராசில் ஏற்றுவேன். நிறை கூடாதவளுக்கு எல்லாருக்கும் கேட்கும்படி பூசை நடக்கும்.

"என்னகா, மாவப் புருஷனுக்கு உருண்டை புடிச்சுக் குடுத்தியா? அவருக்கு எத்தினை மாசம்?"

வரிசை சிரிக்கும். சுகாதாரக் கல்வி என்று அதற்குப் பெயர். மாத அறிக்கையிலும் அப்படித்தான் எழுதினேன்.

முதல் மாதத்துக்குப் பிறகு ஒருத்தி ஏச்சு வாங்கவே இல்லை. வாவியில் மீன் பிடிப்பவரின் மனைவி, நாலாவது பிள்ளை. வீட்டில் சோறும் சொதியும் கண்டால் பெரிய விஷயம். ஆனாலும் மாதம் தவறாமல் நிறை ஏறியது. "இவவப் பாத்துப் படிங்க" என்று மற்றவர்களுக்குக் காட்டினேன். வயிறு மட்டும் மாதத்துக்கு ஏற்ற அளவில் வளரவில்லை. மகா புத்திசாலியான நான் அளக்கும் நாடாவைச் சந்தேகப்பட்டு, புது நாடா கேட்டுக் கடிதம் எழுதினேன்.

எட்டாம் மாதம் அவள் தராசில் ஏறியபோது பாவாடைக்குள் முடிச்சு அவிழ்ந்தது. வலையில் கட்டும் ஈயக்குண்டுகள் சீமெந்துத் தரையில் உருண்டோடின. யாரும் சிரிக்கவில்லை.

"என்னகா இது?"

"நீங்க ஏசுவீங்க எண்டுதான் மிஸ்ஸி" என்றாள், குனிந்து பொறுக்கியபடியே. "மாவ மூத்ததுகள் மூண்டும் திண்டுபோடுதுகள். அதுகளுக்கும் பசிதானே."

ஈயம் இல்லாமல் ஏற்றிப் பார்த்தேன். முதல்முறை அட்டையில் எழுதிய நிறையைவிட ஒரு கிலோகூடக் கூடவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது. மிஸ்ஸிமார் அழக்கூடாதாம், அதனால் கையில் இருந்த பேனையையே தேடினேன்.

அடுத்த பாதையிலேயே அவளை மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். பத்து நாளில் பிள்ளை பிறந்தது. கோழிக்குஞ்சு போல இருந்தாலும் தப்பிவிட்டது. சத்தம் மட்டும் என்னுடையதைப் போல.

அடுத்த கிளினிக்கில் தராசின் பக்கத்தில் நின்று, இனி யாரையும் ஏசமாட்டேன் என்று சொன்னேன். வரிசையிலிருந்து மூன்று பேர், "இந்தா வாறம் மிஸ்ஸி" என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டு கிணற்றடிப் பக்கம் போனார்கள்.