ஸ்விட்ச் இல்லாத கதிர்

ஐம்பதுகளில் ராயபுரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் நான் எக்ஸ்ரே டெக்னீஷியன். ஹார்பர் கூலிகளுக்கு நெஞ்சுப் படம் எடுப்பதுதான் தினசரி வேலை. டார்க் ரூமின் சிவப்பு பல்பையும் ஃபிலிம் கழுவும் ஹைப்போவின் நெடியையும் நினைத்தால் இப்போதும் மனசுக்கு இதமாக இருக்கிறது. அப்போது எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அந்தக் கோபத்தில் ஒருவன் பிழைப்பைக் கெடுக்கப் பார்த்தேன்.

ஒரு வாரமாகப் படமெல்லாம் புகை படிந்தாற்போல் வந்தது. "இதுல வியாதி எது, புகை எதுன்னு நான் எப்படிப் பார்க்கறது?" என்று டாக்டரம்மா திருப்பி அனுப்பிவிட்டார். ஃபிலிம் கழுவும் ஏழுமலையைப் பிடித்துக்கொண்டேன்.

"உள்ளே லைட்டைப் போட்டியா? உண்மையைச் சொல்லு."

"சத்தியமா இல்ல சார். செவப்பு பல்பு மட்டும்தான் எரிஞ்சிகினு இருந்துச்சி."

நான் நம்பவில்லை. சூப்பரின்டென்டுக்கு மெமோ எழுதிவிட்டேன். திங்கட்கிழமை முதல் அவன் வரவேண்டாம் என்று முடிவாயிற்று.

"தங்கச்சிக்கு வியாசர்பாடியில மாப்ள பேசிக்கீறோம் சார். நான் ஆஸ்பத்திரி வேலைல கீறேன்னுதான் ஒத்துக்கினாங்க. வேல பூட்ச்சின்னா கல்யாணமும் பூடும்."

அப்போதும் எனக்கு மனம் இளகவில்லை, பாவி!

சனிக்கிழமை அவனே வந்தான். "பெட்டிலேர்ந்து ஒரு ஃபிலிம எடுங்க. மெஷினாண்ட போவாம நீங்களே கழுவிப் பாருங்க. நான் வெளில நிக்கிறேன்."

கழுவினேன். எதுவும் தெரியக்கூடாத ஃபிலிமில் நாலைந்து சின்னப் பைகள் கறுப்பாக, இழை இழையாகத் தெரிந்தன. டாக்டரம்மாவிடம் ஓடினேன்.

"ஃபிலிம் பெட்டி மேல என்ன வெச்சிருக்கீங்க?" என்றார்.

கரன்ட் போனால் ஏற்றும் காஸ் லைட்டில் மாட்டும் மேன்டில்கள், சின்னச் சின்ன நூல்வலைப் பைகள். கடல் காற்றில் நமுத்துப்போகும் என்று, ஈரம் அண்டாத ஃபிலிம் அலமாரியில் அவற்றை வைத்தது சாட்சாத் நானேதான்.

"மேன்டில்ல தோரியம் இருக்கு, சுந்தரம். அது தானாவே கதிர் விடும். ஆல்ஃபா கதிரை ஒரு காகிதமே தடுத்துடும். பீட்டா அட்டையைத் தாண்டி வந்துடும். இந்தக் கறுப்பு பெரும்பாலும் அதோட வேலைதான். காமாவை அடக்கக் கனமான ஈயம் வேணும். நம்ம எக்ஸ்ரேயும் காமா ஜாதிதான். ஆனா ஸ்விட்சை அணைச்சா நின்னுடும். இதுக்கு ஸ்விட்ச் கிடையாது."

ரேடியேஷன் என்றால் மெஷினிலிருந்து மட்டுமே வருவது என்று அதுவரை நினைத்திருந்தேன். வெட்கமாகப் போயிற்று. தப்பு என்னுடையது என்று எழுதிக் கொடுத்து மெமோவைத் திரும்ப வாங்கினேன். ஏழுமலைக்கு வேலை நிலைத்தது. ஆனாலும் அவன் முகம் தெளியவில்லை.

"மாப்ள வூட்டுக்கு விசயம் பூட்ச்சி சார். நான் சொன்னா நம்ப மாட்றாங்க. நீங்க வந்து சொல்லுங்க."

மறுநாள் போனேன். மாப்பிள்ளையின் அப்பா, மில் தொழிலாளி, வாசலிலேயே நிறுத்தினார். நான் ஆல்ஃபாவில் தொடங்கி பீட்டா, காமா என்று வியர்க்க வியர்க்க விளக்கினேன். ஏழுமலை தலையைக் குனிந்து நின்றான்.

"அத்தெல்லாம் எனுக்கு இன்னாத்துக்கு சார்? தப்பு யார்து?"

"என்னோடது."

"இத்த மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?" என்றவர் உள்ளே போய்ப் பாயை விரித்தார். ஏழுமலை அழுதுவிட்டான். எனக்கும் கண் கலங்கியது.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளே, கதிர்களின் வகைகளைப் புத்தகத்தில் படித்துக்கொள்ளலாம். தப்பு உங்களுடையது என்றால், அதை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள்.