மணம் தெரியாமல் வாங்கிய ஒயின்

அந்த உணவகத்தில் வேலை பார்த்தவர்கள் அவளை ‘மூக்கு’ என்றுதான் சொல்வார்கள். நேரில் சொன்னாலும் கோபித்துக்கொள்ள மாட்டாள். கடை அவள் அண்ணனுடையது. அடுப்படி அவன் ராஜ்ஜியம். கல்லாவும் வாடிக்கையாளர்களும் அண்ணியின் பொறுப்பு. ஒயின் வாங்குவது மட்டும் இவள் வேலை. அதில் வேறு யாரும் தலையிடுவதில்லை.

பேர்போன பழைய சிவப்பு ஒயின்களை வாங்கி விற்கிற வசதி அவர்களுக்குக் கிடையாது. அதனால் இளசாகவும் மலிவாகவும் இருக்கும்போதே வாங்கி, கடைக்குக் கீழே உள்ள நிலவறையில் வருடக்கணக்கில் படுக்கப் போட்டுவிடுவாள். கேட்பதற்குச் சுலபமாக இருக்கும். ஆனால் மலிவான ஒயின்களில் பெரும்பாலானவை அப்படிப் போட்டால் செத்துப்போகும். தாக்குப்பிடிக்கிற சிலவற்றைப் பொறுக்கி எடுப்பதில்தான் சாமர்த்தியம். எல்லோரும் அடித்துக்கொள்கிற மலைச்சரிவை விட்டுவிட்டு, அதை ஒட்டிய சரிவில் திராட்சை போடுகிறவனைத் தேடிப் போவாள். குடித்துப் பார்த்தால் துவர்ப்பில் ஈறு இறுகிப் பிடிக்க வேண்டும், புளிப்பில் எச்சில் ஊற வேண்டும், இரண்டுக்கும் பின்னால் பழம் பதுங்கியிருக்க வேண்டும்.

“இப்பவே இனிக்க இனிக்கப் பேசற ஒயினை நம்பாதீங்க அண்ணி” என்பாள்.

“உங்கண்ணனும் அப்படிப் பேசித்தான் என்னைக் கட்டிக்கிட்டாரு” என்பாள் அண்ணி.

அந்த வருடம் அவளுக்கு ஒரு காய்ச்சல் வந்தது. ஒரு வாரம் படுக்கையில் போட்டுப் புரட்டி எடுத்துவிட்டு, போகிறபோது மோப்பத்தையும் கையோடு கொண்டுபோய்விட்டது. காபியை மூக்கருகே கொண்டுபோனால் வெந்நீர் ஆவிதான் முகத்தில் அடித்தது. பூண்டை நசுக்கினாள், சோப்பை முகர்ந்தாள். ஒன்றும் இல்லை. “திரும்பி வரும், எப்போன்னு மட்டும் கேக்காதீங்க” என்று டாக்டர் கையை விரித்துவிட்டார்.

அண்ணனிடம் அவள் மூச்சு விடவில்லை. நிலவறையைக் காலி பண்ணிவிட்டு அங்கே குளிர்பெட்டிகளை இறக்க வேண்டும் என்று அவன் ஏற்கெனவே முணுமுணுத்துக்கொண்டிருந்தான். இது தெரிந்தால் அதையே சாக்காக வைத்துக் கதையை முடித்துவிடுவான். அவனுக்குத் தெரிவதற்குள் சரியாகிவிடும் என்று நம்பி நாளைக் கடத்தினாள். சரியாவதற்கு முன்பே மொத்த வியாபாரி புது ஒயின்களோடு வந்து நின்றார்.

கடை திறக்காத நேரம். ஜன்னலோர மேஜையில் வெள்ளைத் துணி விரித்து வியாபாரி பாட்டில்களை வரிசையாக வைத்தார். அவள் உட்கார்ந்ததுதான் தாமதம், கைகளைத் துடைத்தபடி அண்ணனும் வந்து எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டான். வழக்கமாக அவன் வரவே மாட்டான்.

“இந்தத் தடவை நானும் பாக்கறேன்” என்றான்.

அவள் வழக்கம்போலக் கிளாஸைச் சுழற்றினாள், மூக்கை உள்ளே விட்டாள், கண்ணை மூடினாள். எல்லாம் வெறும் நடிப்பு. பிறகு ஒரு வாய் எடுத்தாள். ஒயின் எந்தப் பிடிப்பும் இல்லாமல் வழுக்கிக்கொண்டு உள்ளே போனது.

“இதை இந்த வருஷமே குடிச்சுத் தீத்துடணும். வைக்கிற சரக்கு இல்ல.”

“கரெக்ட் மேடம்” என்றார் வியாபாரி. அண்ணனும் தலையாட்டினான். அவளுக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. மூக்கு போனாலும் வாய் இருக்கிறது. அடுத்த ஒயினில் துவர்ப்பு பரவாயில்லை, சுமாராகத் தாங்கும் என்று எடுத்து வைத்தாள்.

மூன்றாவது, யாரும் கேள்விப்படாத ஒரு மேட்டு நிலத்துத் தோட்டக்காரருடையது. விலையும் கம்மி. வாயில் பட்டதுமே ஈறு கவ்விக்கொண்டது. தாடை ஓரத்தில் எச்சில் சுரந்தது. இத்தனை நாள் பயத்தில் செத்துக்கிடந்த அவள் மனசு துள்ளியது.

“இதுதான் அண்ணா. இதைக் கண்ணை மூடிக்கிட்டு வைக்கலாம்.”

அண்ணன் தன் கிளாஸை மூக்கருகே கொண்டுபோனான். முகம் மாறியது.

“நீ நல்லா மோந்து பாத்தியா?”

“பாத்தேனே.”

“எப்படி இருக்கு?”

“கொஞ்சம்... மூடிக்கிட்டு இருக்கு. வயசானா திறந்துக்கும்” என்று மென்று விழுங்கினாள்.

“நனைஞ்ச அட்டைப்பெட்டி மாதிரி நாறுது!”

வியாபாரி பதறிப்போய் வாங்கி முகர்ந்தார். “ஐயோ, கார்க் கெட்டுப்போய் ஒயின்ல இறங்கியிருக்கு. அவசரத்துல பாக்காம ஊத்திட்டேன், தப்பா எடுத்துக்காதீங்க சார்.” சொல்லிவிட்டு அவளை ஏறிட்டுப் பார்த்தார். நேற்று வேலைக்குச் சேர்ந்தவன்கூட கண்டுபிடித்துவிடுகிற வாடை அது.

“எத்தனை நாளா?” என்றான் அண்ணன்.

“காய்ச்சல் வந்ததுலேருந்து.”

அவன் எழுந்துவிட்டான். “சார், இந்த வருஷம் ஒண்ணும் வேண்டாம். எடுத்துக் கட்டுங்க.”

“அண்ணா, ஒரு நிமிஷம். கார்க்தான் கெட்டது. அந்த ஒயின் எப்படின்னு என் வாய்க்குத் தெரியும். இன்னொரு பாட்டில் திறந்து பாத்துட்டு அப்புறம் என்னைத் திட்டு.”

“யாரு மோந்து பாக்கறது? எனக்கு இருக்கற ஆத்திரத்துல நெருப்பு வெச்சாக்கூட வாடை தெரியாது.”

கல்லாவிலிருந்து அண்ணி எழுந்து வந்தாள். ஒயின் என்றாலே முகம் சுளிக்கிறவள். “குடிக்கத்தானே பிடிக்காது, மோந்து பாக்கறதுக்கு என்ன? ஊத்துங்க.”

வியாபாரி வண்டியிலிருந்து புது பாட்டிலைக் கொண்டுவந்து திறந்தார். அண்ணி கிளாஸுக்குள் மூக்கை விட்டுக்கொண்டு வெகுநேரம் நின்றாள். இவள் மேஜை விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“செர்ரி... இல்ல, செர்ரிக் கொட்டையை நசுக்கினா வருமே, அது. அப்புறம் புதுச் செருப்பு.”

“அட்டைப்பெட்டி?”

“சத்தியமா இல்ல.”

இவள் ஒரு வாய் குடித்தாள். விழுங்கின பிறகும் அந்தப் புளிப்பும் துவர்ப்பும் நாக்கை விட்டுப் போகாமல் நின்றன. “எனக்கு இது போதும் அண்ணா” என்றாள்.

அண்ணன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். “வழக்கமா வாங்கறதுல பாதி வாங்கு. சொதப்பிச்சுன்னா நிலவறை எனக்கு.”

அதற்குப் பிறகு பல வாரம் அவன் முகம் கொடுத்துப் பேசவில்லை. கோபம் வேலை கெட்டதற்கு அல்ல, மறைத்ததற்கு என்று அண்ணிதான் பக்குவமாகச் சொன்னாள். மோப்பம் கோணல்மாணலாகத் திரும்பி வந்தது. வெங்காயம் எரிந்த ரப்பராக நாறியது. ரோஜா திரும்பவே இல்லை. அன்றிலிருந்து ஒயின் பார்க்கிற நாளில் அண்ணியும் கல்லாவை விட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்வாள்.

ஏழெட்டு வருடம் ஓடியது. அண்ணனே ஒருநாள் நிலவறைக்கு இறங்கி, அன்றைக்கு வாங்கின இரண்டு ஒயினிலும் ஒவ்வொரு பாட்டில் எடுத்து வந்து அவளையும் அண்ணியையும் கூப்பிட்டான். சுமாராகத் தாங்கும் என்று அவள் சொன்னது தாங்கவில்லை. சாயம் போய், காடிநீர் மாதிரி புளித்துப்போயிருந்தது. அவளுக்கு முகத்தில் ஈயாடவில்லை. அண்ணன் மற்றதைத் திறந்தான். கார்க் பாதியில் முறிந்தது. மிச்சத்தை நோண்டி எடுக்கிறவரை மூவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

ஊற்றினால் ஓரத்தில், நன்றாக வயசேறின ஒயினுக்கு வருகிற செங்கல் நிறம். அண்ணன் முகர்ந்தான். மறுபடியும் முகர்ந்தான். குடித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தான்.

“துவர்ப்பெல்லாம் எங்கடி போச்சு?” என்றான் அவளிடம்.

“கரைஞ்சு போச்சு. அதுக்குத்தானே இத்தனை வருஷம்” என்றாள்.

அந்த வாரமே அது மேஜைகளுக்குப் போனது. முதலில் கேட்ட மனிதர் புளிக்கிறது என்று பாதியில் வைத்துவிட்டுப் போனார். மறுநாள் வந்த ஒரு தம்பதி இரண்டாவது பாட்டிலும் கேட்டார்கள். கொண்டுபோய்த் திறந்தது அண்ணி.