சீர் கொண்டுபோன அண்ணன்

மல்லாபூர் பட்டறைகளின் கடைசிச் சுவரைத் தாண்டி நடந்துகொண்டிருந்தபோதுதான் புதுச் சட்டையின் காலருக்குள் வைத்த காகித அட்டை கழுத்தில் உறுத்தியது. உருவி எறிந்துவிட்டு மறுபடி நடந்தேன். மழை விட்டிருந்தது. சாலையோரக் குட்டைகளில் மேகம் எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது. சட்டை எனக்கு ஒரு சுற்றுப் பெரியது. மாப்பிள்ளைக்கென்று வாங்கி வைத்திருந்ததாம். நனைந்து நின்ற என்னைப் பார்த்து, மாப்பிள்ளையின் அம்மா என் நெற்றியில் குங்குமம் வைத்து, அதைத் தட்டில் எடுத்துக் கொடுத்தார். பெண்ணின் அண்ணனுக்குத் துணி வைத்துக் கொடுப்பது அவர்கள் வழக்கம்.

நான் அந்தப் பெண்ணின் அண்ணன் இல்லை.

ஒன்பதாவது பாதியில் பள்ளியை விட்டவன் நான். செங்கத்திலிருந்து திருப்பதி, அங்கிருந்து பெங்களூர், ஹூப்ளி என்று கிடைத்த வண்டியில் ஏறி, கிடைத்த இடத்தில் படுத்து, ஒரு கோடையில் செகந்திராபாத்தில் இறங்கினேன். மல்லாபூரில் பிளாஸ்டிக் வாளிக்கு மூடி வார்க்கும் பட்டறையில் வேலை கிடைத்தது. மெஷினிலிருந்து சூடாக விழும் மூடியின் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் பிசிறைக் கத்தியால் சீவ வேண்டும். விரல் பொத்துப்போகும். மற்றபடி குறையில்லை. படுக்க மாடியில் இடம் இருந்தது.

மெஷின் ஓட்டியவன் தெலுங்குக்காரன், என் வயதுதான். முதல் நாளே தன் சாப்பாட்டு டப்பாவின் மூடியில் எனக்குப் பாதி சோறு போட்டான். அவனுக்குத் தமிழ் பாதி வரும். ஒரு தமிழ்ப் பெண்ணைக் காதலித்துக் கற்றுக்கொண்டது. பெண் மெட்டுகுடாவில், ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவரின் ஒரே மகள். வெள்ளைக்காரன் காலத்தில் ஆரணிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். இருவரும் வீட்டுக்குத் தெரியாமல் ரெஜிஸ்டர் ஆபீஸில் கல்யாணம் செய்துகொண்டார்கள். இரண்டு வீட்டிலும் அழுது, சபித்து, ஓய்ந்து, கடைசியில் ஏற்றுக்கொண்டார்கள். ஏற்றுக்கொண்ட பிறகுதான் வம்பு தொடங்கியது. கல்யாணத்துக்கு எங்களைக் கேட்கவில்லை, இனி எல்லாவற்றுக்கும் கேளுங்கள் என்பதுபோல இரண்டு வீடும் சம்பிரதாயத்தைக் கையில் எடுத்தன.

தெலுங்குக்காரர்களுக்கு ஆஷாட மாதத்தில் புதுப்பெண் மாமியார் வீட்டில் இருக்கக்கூடாது. ஜூன் கடைசியில் அவளைத் தாய்வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆஷாடம் முடிவதற்குள் நம் ஆடி பிறந்துவிட்டது. ஆடியில் புதுப்பெண்ணைப் புருஷன் வீட்டுக்கு அனுப்பக்கூடாது என்றார் அவள் அம்மா. ஒரு மாதப் பிரிவு இரண்டு மாதம் ஆனது.

அவள் அப்பா மட்டும் சிரிப்பார். "கட்டிக்கினது ஒருத்தன. பிரிஞ்சி கீறது ரெண்டு பஞ்சாங்கத்துக்கு. இன்னா கணக்குப்பா இது?"

என்னை அந்த வீட்டுக்கு அனுப்பியது அவன்தான். முதல் முறை ஒரு பை நிறைய மாம்பழத்தோடு போனேன். தமிழ்ப் பையன், அதுவும் செங்கம் என்றதும் அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டார். அம்மா வாசலிலேயே நின்று என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"அத்தை, குடிக்கக் கொஞ்சம் தண்ணி குடுங்க" என்றேன்.

"அத்தை இல்ல தம்பி. பெரியம்மான்னு கூப்பிடு."

அத்தை என்றால் அவர் மகள் எனக்கு முறைப்பெண் ஆகிவிடுவாள். பெரியம்மா என்றால் தங்கச்சி. ஒருமுறை கதவைத் திறந்து போட்டுவிட்டுப் பட்டவர். இந்த முறை நான் தண்ணீர் குடிக்கும் முன்பே தாழ்ப்பாள் போட்டுவிட்டார்.

அவர்கள் போனில் பேசிக்கொள்வார்கள். ஆனால் போனில் பேசுவதும் ஒரே குடைக்குள் நிற்பதும் ஒன்றல்லவே. அவள் கோயிலுக்கு என்று கிளம்புவாள். அண்ணன் முறையான பையன்தானே என்று பெரியம்மா என்னோடு அனுப்புவார். அவனுடைய ஸ்கூட்டரில் அவளை ஏற்றிக்கொண்டு தார்நாகா போவேன். ஷிஃப்ட் முடிந்து அவன் வந்து நிற்பான்.

"ஏம் பாமர்தி, தங்கச்சிய பத்திரமா கூட்டிட்டு வந்தியா?" என்று முதுகில் தட்டுவான். பாமர்தி என்றால் மச்சான். அவர்கள் மிளகாய் பஜ்ஜி தின்றுகொண்டு பேசுவார்கள். நான் எதிர்ப்புறம் டீக்கடையில் நின்று மழையைப் பார்ப்பேன். மழைக்கு அந்தப் பக்கம் அவர்கள் இருவரும் தண்ணீரில் வரைந்ததுபோல் தெரிவார்கள்.

ஜூலை நடுவில் அவன் வருவது குறைந்தது. ஓவர்டைம் என்றான். பட்டறையில் ஓவர்டைம் இருந்தது, அது பொய்யில்லை. ஆனால் வீட்டில் தினமும் அம்மாவிடம் பேச்சு வாங்கிவிட்டு, இங்கே வந்து இவளிடமும் வாங்க அவனுக்குத் தெம்பில்லை என்பதும் எனக்குத் தெரியும். கிளம்பிய பிறகு போன் வரும், வரமுடியவில்லை என்று. உடனே வீடு திரும்பினால் பெரியம்மா ஏதாவது கேட்பார். அதனால் நானும் அவளும் சும்மா சுற்றினோம். ரயில் பாலத்தின் மேல் நின்று கீழே போகும் ரயில்களைப் பார்த்தோம். நான் இருந்த ஊர்களைப் பற்றிக் கேட்பாள். ஹூப்ளி பஸ் ஸ்டாண்டில் படுத்திருந்தபோது செருப்பைத் தலைக்கு வைத்துக்கொண்டதையும், அதையும் ஒருவன் உருவிக்கொண்டு போனதையும் சொன்னேன். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். நான் பட்டதெல்லாம் ஒருவரைச் சிரிக்கவைக்கத்தானோ என்று தோன்றும்படி இருந்தது.

அந்த ஊர் அம்மன் திருவிழாவான போனாலு ஞாயிறு அது. தெருவெல்லாம் தப்புச் சத்தம். பெண்கள் தலையில் வேப்பிலை கட்டிய பானையும் பானை மேல் விளக்குமாகப் போனார்கள். தூறல் விழுந்தும் ஒரு விளக்கும் அணையவில்லை. கூட்டம் நெருக்கியபோது அவள் என் சட்டையின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். கூட்டம் கலைந்தது. கை அங்கேயே இருந்தது.

"ஒண்ணு சொன்னா திட்டக்கூடாது" என்றாள்.

"சொல்லு."

"அவன் வரலன்னு இன்னிக்கி போன் வந்திச்சில்ல? எனக்குக் கோவமே வரல. கைக்கு? ஏன் வரல?" அந்த ஊர் உருது அவள் பேச்சில் கலந்து வரும். கைக்கு என்றால் ஏன்.

நான் ஸ்கூட்டரை உதைத்தேன். இரண்டு முறை அது கிளம்பவில்லை. மூன்றாவது முறை கிளம்பியது. வீட்டுக்குத் திரும்பும் சாலை வழக்கத்தைவிட நீளமாக இருந்தது. இன்னும் நீளமாக இருந்திருக்கலாம்.

ஆஷாடம் முடிந்ததும் மாமியாரிடமிருந்து பெரியம்மாவுக்குப் போன் வந்தது. ஸ்ராவணம் பிறந்துவிட்டது, மருமகள் வரவேண்டும், வரலட்சுமி பூஜை அவள் கையால் நடக்கவேண்டும் என்றார். எங்களுக்கு ஆடி முடியவில்லை என்றார் பெரியம்மா. உங்கள் ஆடி எப்போதுதான் முடியும் என்று அந்தப் பக்கம் கத்தியது பக்கத்தில் நின்ற எனக்கே கேட்டது. அன்று மாலை புருஷனும் பெண்டாட்டியும் போனில் சண்டை போட்டுக்கொண்டு பேச்சை நிறுத்தினார்கள். அவள் அவன் நம்பரை பிளாக் செய்துவிட்டாள்.

மறுநாள் மெஷினை நிறுத்திவிட்டு அவன் என்னிடம் வந்தான். அவன் கண் சிவந்திருந்தது. "பாமர்தி, நீ போய் சொல்லு. வெள்ளிக்கிழம பூஜைக்கு அவ வரலன்னா அப்புறம் வரவே வேணாம்னு அம்மா சொல்லிட்டா. நான் அப்படிச் சொல்லல. ஆனா அம்மாவ மீறி இன்னொரு தடவ எனக்கு முடியாது. வரச் சொல்லு, ப்ளீஸ்."

அன்றே போனேன். வீட்டுக்குப் பின்னால் குழாயடியில் அவள் குடம் பிடித்துக்கொண்டிருந்தாள். சொல்லவேண்டியதை ஒரு சொல் குறையாமல் சொன்னேன். சொல்லும்போதே, முடியாது என்று அவள் சொல்லிவிட வேண்டும் என்று உள்ளே ஒருவன் வேண்டிக்கொண்டிருந்தான்.

குடம் நிறைந்து வழிந்தது.

"நான் தனியா போகமாட்டேன்" என்றாள். "மொதல் தடவ காலேஜ் பையோட தனியாத்தான் போனேன். இப்பவும் அப்படிப் போனா ஆயுசு முழுக்க ஓடிவந்தவதான். அண்ணன் சீர்த் தட்டோட கூட்டிட்டுப் போனா ஒருத்தரும் வாயத் தொறக்க முடியாது."

"உனக்குத்தான் அண்ணன் இல்லையே."

"நீ வா."

"நான் உனக்கு அண்ணனா?"

குழாயை மூடினாள். "ஆகணும். நீ வரலன்னா நான் போகமாட்டேன். போகலன்னா என்ன ஆகும்னு உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நக்கோ. அது வேணாம். என்னால தனியா வேணாம்னு சொல்ல முடியல. நீயும் சேந்து சொல்லு."

பட்டறைக்குத் திரும்பிப் பிசிறு சீவிக்கொண்டே யோசித்தேன். சும்மா இருந்தாலே போதும். வெள்ளிக்கிழமை தானாகக் கடந்துவிடும். பிறகு அவளை அழைத்துக்கொண்டு எங்கே போவது? எனக்குத் தெரிந்த ஊர்களையெல்லாம் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் நான் படுத்திருந்த இடம்தான் ஞாபகம் வந்தது. அவளை அங்கெல்லாம் படுக்கவைத்துப் பார்த்தேன். எதிரே அவன் வழக்கம்போல டப்பா மூடியில் சோற்றைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தான். நான் ஒப்புக்கொண்டது அவன் நல்லவன் என்பதால் இல்லை. அவள் கேட்டாள், அவ்வளவுதான். அவள் வேறு எதைக் கேட்டிருந்தாலும் செய்திருப்பேன்.

வெள்ளிக்கிழமை பெண்ணை வீட்டைவிட்டு அனுப்பமாட்டார்கள் என்பதால் வியாழக்கிழமை மத்தியானம் போனேன். பட்டறையிலிருந்து என் பையையும் எடுத்துக்கொண்டு வந்திருந்தேன். அப்பா வாழைப்பழம், வெற்றிலை, பூ எல்லாம் வாங்கிவைத்திருந்தார். "சத்தம் போடாத போங்க. அவ தூங்கறா" என்று எங்களோடு தெருமுனைவரை வந்தார். தட்டில் ஒரு பச்சைப் பட்டுப்புடவை இருந்தது, நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி. அப்படி மஞ்சள் தடவிவைக்க அப்பாவுக்குத் தெரியாது. நாங்கள் தெருவில் இறங்கியதும் பின்னால் உள்ளிருந்து தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.

ஆட்டோவில் இருவருக்கும் நடுவில் தட்டு இருந்தது. நாச்சாரம் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. தட்டு நனையாமலிருக்க நான் வெளிப்பக்கம் நகர்ந்து முதுகைக் கொடுத்தேன். அவள் வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள்.

மல்லாபூர் வீட்டில் அவள் மாமியார் கதவைத் திறந்தார். எங்களையும் தட்டையும் பார்த்தார்.

"நுவ்வு அன்னவா?" என்றார் என்னிடம். நீ அண்ணனா?

அவள் என்னைப் பார்க்கவில்லை. தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவுனு" என்றேன். ஆமாம்.

அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு எல்லாம் எளிதாக நடந்தது. தட்டை வாங்கிக்கொண்டார்கள். அவன் பனியனோடு ஓடிவந்தான். "பாமர்தி" என்று தொடங்கி அதற்கு மேல் கேலி வராமல் என் கையைப் பிடித்துக்கொண்டே நின்றான். குங்குமம், சட்டை. நான் கிளம்பியபோது அவள் வாசல்வரை வந்தாள்.

"சாப்பிட்டுட்டுப் போ, அண்ணா."

அதுவரை அவள் என்னை அப்படிக் கூப்பிட்டதே இல்லை.

சாப்பிடாமல் நடந்தேன். தார்நாகாவில் டீக்கடை இருந்தது, நிற்கவில்லை. மெட்டுகுடா சந்து வந்தது, திரும்பவில்லை. ஸ்டேஷன் பக்கம் விளக்குகள் எரியத் தொடங்கி, ஈரத் தார்ச்சாலையில் மஞ்சளும் சிவப்புமாக மிதந்தன. கால் வலி தெரியவில்லை. நான் நடக்கிறேனா, சாலை எனக்குக் கீழே ஓடுகிறதா என்பதே தெளிவில்லாமல், மக்களும் பஸ்களும் தூரத்தில் சத்தமில்லாமல் போவதுபோல இருந்தது. போவன்பள்ளி காய்கறி மார்க்கெட்டில் எப்போதும் ஆள் தேவைப்படும் என்று யாரோ சொன்னது நினைவில் இருந்தது. அங்கே போய் வெங்காய மூட்டைகள் மேல் படுத்தேன். நன்றாகத் தூங்கினேன்.

விடிந்ததும் அவள் அப்பா போன் செய்தார். "உன் பெரியம்மா நேத்துலேருந்து உன்ன திட்டிக்கினு கீறா. அண்ணங்காரன் ஆடியில கூட்டிம்போனா நான் இன்னா பண்றதுன்னு தெருவெல்லாம் சொல்லிக்கினு வரா. சந்தோஷமா கீறாப்பா. நீ சாயங்காலம் வா."

சரி என்றேன்.

லாரி இறக்க ஆள் பிடித்துக்கொண்டிருந்த மேஸ்திரி வேலூர்க்காரர். என் தோளை அழுத்திப் பார்த்தார். "புது ஆள எடுக்கறதுன்னா யாராச்சும் தெரிஞ்சவங்க வேணும்பா. இந்த ஊர்ல உனக்கு யாரு கீறா?"

"தங்கச்சி இருக்கா. மல்லாபூர்ல கட்டிக்குடுத்திருக்கு."

"மச்சான் இன்னா பண்றாரு?"

"மெஷின் ஓட்டறாரு. நல்ல மாதிரி."

அவர் தலையாட்டினார். ஒரு லாரியைக் காட்டினார். பச்சைமிளகாய். மூட்டை கனமில்லை, ஆனால் மழையில் நனைந்த சாக்கிலிருந்து காரம் ஊறி, பிடரியில் இறங்கும் என்றார். துண்டை மடித்துப் பிடரியில் போட்டுக்கொண்டு குனிந்தேன். மேலிருந்தவன் முதல் மூட்டையை இறக்கினான்.